'பேசுக' என்று எழுதித் திரும்பி வரும் கோப்பு

ஊழல் வழக்கில் பெயர் அடிபட்ட மூத்த அதிகாரி யார் என்னிடம் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "அந்தக் கோப்பில் உங்கள் கையால் என்ன எழுதியிருக்கிறது?" பெரும்பாலும் அதற்கு நேரான பதில் வராது. "அன்றைக்கு மினிஸ்டர் என்ன சொன்னார் என்றால்..." என்று தொடங்குவார்கள். முழுக்கக் கேட்பேன். கேட்டுவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பேன். ஏனென்றால் நீதிமன்றத்துக்கு வரப்போவது அமைச்சரின் அறையில் நடந்த பேச்சு அல்ல, கோப்புதான்.

அரசு ஊழியர்களின் பணி வழக்குகளையும் ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளையும் இருபது வருடங்களுக்கு மேலாக நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: செயலாளர் நிலையில் இருந்தவர்கள் சிக்கும் வழக்குகளில் பணம் கைமாறிய கதை குறைவு. கோப்பில் போட்ட கையெழுத்தும், கோப்பில் ஏறாமல் போன பேச்சும்தான் அவர்களை வீழ்த்துகின்றன.

கோட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு 'பேசுக' என்ற சொல் நன்றாகத் தெரியும். செயலாளர் ஒரு திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதி அனுப்புகிறார். மேலிருந்து கோப்பு திரும்பி வருகிறது. ஓரத்தில் 'பேசுக' என்று ஒரே சொல், கீழே சுருக்கொப்பம். செயலாளர் போகிறார், பேசுகிறார்கள். திரும்பி வந்து, "பேசியபடி, கீழ்க்கண்டவாறு பரிந்துரைக்கப்படுகிறது" என்று புதுக் குறிப்பு எழுதுகிறார். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், ஆட்சேபம் ஏன் மறைந்தது, எதுவும் அதில் இருக்காது. பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பைப் படிக்கும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவது இவ்வளவுதான்: திங்கட்கிழமை எதிர்த்தவர் வெள்ளிக்கிழமை தானாகவே மனம் மாறியிருக்கிறார். ஏன் மாறினார்? வழக்கு அந்தக் கேள்வியிலிருந்துதான் முளைக்கிறது.

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல் என்று சொல்லப்படும் முந்த்ரா விவகாரமே இப்படித்தான் வெடித்தது. 1956-ல் ஆயுள் காப்பீட்டைத் தேசியமயமாக்கி எல்.ஐ.சி.யை உருவாக்கினார்கள். அடுத்த வருடம் ஜூன் மாதம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் தள்ளாடிக்கொண்டிருந்த ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. நாடாளுமன்றத்தில் இதை விடாமல் கிளப்பியவர் ஆளுங்கட்சிக்காரரான, பிரதமர் நேருவின் மருமகனான பெரோஸ் காந்தி. நிதி அமைச்சர் சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி. நிதித் துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம்.படேல்.

படேல் சாதாரண அதிகாரி அல்ல. ஐ.ஏ.எஸ்.க்கு முன்னோடியான, ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ்.காரர். 1947-ல் நாட்டைப் பிரித்தபோது ராணுவம், கருவூலம், அலுவலக நாற்காலி வரைக்கும் எது யாருக்கு என்று பிரிக்கும் வேலையை இந்தியத் தரப்பிலிருந்து பார்த்தவர். எதிர்த்தரப்பில் இருந்தவர் சவுத்ரி முகமது அலி, பின்னாளில் பாகிஸ்தான் பிரதமர். பிரிவினைக்குப் பிறகு படேல் பாதுகாப்புத் துறைச் செயலாளராகவும் இருந்தார்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவின் ஒருநபர் ஆணையம் 1958 தொடக்கத்தில் விசாரித்தது. எல்லாம் பொதுமக்கள் முன்னிலையில். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். சில வாரங்களில் விசாரணை முடிந்து அறிக்கையும் வந்தது. அந்த விசாரணையின் உயிர்நாடியான கேள்வி என்ன தெரியுமா? அமைச்சருக்கும் செயலாளருக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது என்பதுதான். அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தேன் என்கிறார் படேல். நான் அனுமதி தரவில்லை என்கிறார் அமைச்சர். இருவரும் நாட்டின் மிகக் கூர்மையான மூளைக்காரர்கள். ஆனால் கோடிக்கணக்கான பொதுப்பணம் பற்றி அவர்கள் பேசிய பேச்சுக்கு எழுத்தில் சாட்சி இல்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு, என் கொள்கைக்கு மாறாக அவர் செய்துவிட்டார் என்று சொல்லித் தப்ப முடியாது என்று சாக்ளா முடிவு செய்தார். டி.டி.கே. 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். என் தொழிலில் அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அமைச்சர் 1962-ல் மீண்டும் மத்திய அமைச்சரவைக்கு வந்தார், 1963-ல் நிதி அமைச்சரே ஆனார். செயலாளருக்கோ நீதிபதி விவியன் போஸ் தலைமையில் இன்னொரு விசாரணை, அப்புறம் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கருத்து என்று நீண்டது. கடைசியில் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். ஆனால் போன நாற்காலி திரும்பவில்லை. குஜராத்தில் வல்லப் வித்யாநகருக்குப் போய்க் கல்வி நிறுவனங்களை வளர்க்கும் வேலையில் இறங்கினார். 1977-ல் மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் நிதி அமைச்சராக அதே துறைக்குள் நுழைந்தார். கிட்டத்தட்ட இருபது வருடம்! எத்தனை அதிகாரிகளுக்கு அப்படி இரண்டாவது வாழ்க்கை கிடைக்கும்? நான் பார்த்தவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

இந்தக் காலத்துக்கு வருவோம். எச்.சி.குப்தா, 1971-ஆம் ஆண்டுத் தொகுதி ஐ.ஏ.எஸ்., 2005 முதல் 2008 வரை நிலக்கரித் துறைச் செயலாளர். சுரங்கங்களை யாருக்கு ஒதுக்கலாம் என்று பரிந்துரைத்த பரிசீலனைக் குழுவின் தலைவர். அரசுக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2012 அறிக்கை, தனியார் நிறுவனங்களுக்குக் கிடைத்த ஆதாயத்தை 1.86 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டதும் நாடே கொந்தளித்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 214 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. வழக்குகள் வரிசையாக வந்தன. மத்தியப் பிரதேசச் சுரங்கம் ஒன்றின் வழக்கில் 2017 மே மாதம் குப்தாவுக்கு இரண்டு வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே வருட டிசம்பரில் ஜார்க்கண்ட் சுரங்க வழக்கில் முன்னாள் முதல்வர் மது கோடாவோடு சேர்த்து மூன்று வருடம். பின்னர் வேறு வழக்குகளிலும் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டுக்கும் போனார்.

அந்தத் தீர்ப்புகள் சரியா தவறா என்று நான் இங்கே வாதாடப் போவதில்லை. அவற்றின் மையத்தில் இருப்பது லஞ்சப் பணம் அல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். தகுதியை ஒழுங்காகச் சரிபார்க்காமல் பரிந்துரை போனது, நிலக்கரித் துறையைத் தன்வசம் வைத்திருந்த பிரதமருக்கு முழு விவரம் போகவில்லை என்பவைதான். அப்போதிருந்த ஊழல் தடுப்புச் சட்டம் பிரிவு 13(1)(d)-யின் மூன்றாவது உட்பிரிவு, பொதுநலன் இல்லாமல் ஒருவருக்குப் பண ஆதாயம் கிடைக்கச் செய்தாலே குற்றம் என்றது. தனக்கு ஒரு பைசா வந்ததா என்ற கேள்வியே அதில் கிடையாது.

2016 ஆகஸ்டில் குப்தா நீதிமன்றத்தில் ஒரு விண்ணப்பம் வைத்தார். வழக்கை நடத்தப் பண வசதி இல்லை, ஜாமீன் பத்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சிறையிலிருந்தே விசாரணையைச் சந்திக்கிறேன் என்றார். இந்திய அரசின் செயலாளராக இருந்தவர்! சக அதிகாரிகள் ஆதரவாக நின்ற பிறகு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதே வார்த்தைகளைச் சிறிய அளவில் என் அலுவலகத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நான் வழக்கு நடத்தும் ஒரு கட்சிக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வுபெற்ற செயலாளர். எட்டு வழக்குகள், ஒரே விவகாரத்திலிருந்து கிளைத்தவை. ஒவ்வொன்றுக்கும் தனி வாய்தா. கிரிமினல் வழக்கு நிலுவையில் இருப்பதால் தற்காலிக ஓய்வூதியம் மட்டும் வருகிறது, பணிக்கொடை நிறுத்தப்பட்டிருக்கிறது. பேத்தி பிறந்ததைப் பார்க்க வெளிநாடு போக வேண்டும் என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஒருநாள் அவருடைய மனைவி தனியாக வந்தார். "தம்பி, இப்போதெல்லாம் இவர் கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை. போனால் யாரும் தப்பாகப் பேசுவதில்லை. எல்லாரும் ரொம்ப மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார். நான் சட்டப் பிரிவு எதையும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை.

பணியில் இருக்கும்போதே சிக்கினால் முதலில் வருவது இடைநீக்கம். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே இடைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்படும். இடைநீக்கக் காலத்தில் தரும் பிழைப்பூதியம் முதலில் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. மாதங்கள் போனபின் உயர்த்தலாம். தாமதத்துக்கு நீங்கள் காரணம் என்றால் குறைக்கவும் செய்யலாம். வேறு வேலை பார்க்கவில்லை என்று சான்றிதழ் தரத் தவறாதீர்கள், அது இல்லாமல் பிழைப்பூதியப் பட்டியல் நகராது. மூன்று மாதத்துக்குள் குற்றக் குறிப்பாணை (குற்றச்சாட்டுகளை எழுத்தில் தரும் ஆணை) தராவிட்டால் இடைநீக்கம் நீளக்கூடாது என்று அஜய் குமார் சவுத்ரி வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தானாக நடக்கும் என்று காத்திருக்காமல், அதைக் காட்டி எழுத்தில் மனு கொடுங்கள்.

இடைநீக்கத்தைவிட எனக்குக் கவலை தருவது விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸ்தான். "சாட்சியாகத்தான் கூப்பிடுகிறார்கள் வக்கீல் சார், போய் விளக்கிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று தனியாகப் போகிறார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கோப்பைப் பற்றி நினைவிலிருந்து பேசுகிறார்கள். சாட்சியாகப் போனவர் குற்றப்பத்திரிகையில் நான்காவது எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, வருவதைப் பார்த்திருக்கிறேன். கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால், பார்க்காமல் பதில் சொல்ல இயலவில்லை என்று சொல்லுங்கள். அது ஒத்துழையாமை ஆகாது. பொய் சொல்லாதீர்கள், ஊகமும் செய்யாதீர்கள்.

சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018 திருத்தத்தில் அந்தப் பழைய 13(1)(d) போய்விட்டது. அதிகாரி எடுத்த முடிவு, செய்த பரிந்துரை பற்றி விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும் என்று 17ஏ பிரிவு வந்தது. வழக்குத் தொடர அரசின் அனுமதி என்ற பாதுகாப்பு ஓய்வுபெற்றவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. இதெல்லாம் ஓரளவு நிம்மதிதான். ஆனால் இவை வாசலில் நிற்கும் காவலர்கள் மாதிரி. உள்ளே வழக்கு வந்துவிட்டால் மறுபடியும் கோப்புதான் பேசும்.

அதனால் பணியில் இருப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது அகில இந்தியப் பணி நடத்தை விதிகள், 1968, விதி 3. மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக வந்தால் கூடிய சீக்கிரம் எழுத்தில் உறுதிப்படுத்தக் கேட்பது உங்கள் கடமை, உறுதிப்படுத்தித் தருவது அவர் கடமை. இதைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னாள் அமைச்சரவைச் செயலாளர், தமிழரான டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன் தலைமையில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்யாமல் செயல்படக் கூடாது என்று 2013 அக்டோபர் 31 தீர்ப்பு சொல்கிறது. அமைச்சரிடம் போய் "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கேட்க வேண்டாம். நீங்களே எழுதுங்கள். இன்ன தேதி, இன்ன இடம், இன்னார் உடனிருக்க விவாதிக்கப்பட்டது, இன்னது அறிவுறுத்தப்பட்டது என்று எழுதி உத்தரவுக்கு மேலே அனுப்புங்கள். அவர் மறுக்க நினைத்தால் எழுத்தில்தான் மறுக்க வேண்டும். கோப்பின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது தனி வழக்காகிவிடும். கோப்பு எண், தேதி, பக்க எண் இவற்றை மட்டும் குறித்து வையுங்கள். வழக்கு வந்தால் நீதிமன்றம் மூலம் வரவழைக்க அவை போதும்.

சில மாதங்களுக்கு முன் இரவு பத்து மணிக்கு ஓர் இளம் அதிகாரி அழைத்தார். அவர் ஆட்சேபித்த கோப்பு 'பேசுக' என்று திரும்பி வந்து, பேசியும் முடித்திருந்தார். எழுதியிருந்த குறிப்பைப் படித்துக் காட்டினார். "மாண்புமிகு அமைச்சருடன் இன்று மாலை விவாதிக்கப்பட்டது. ஒப்புதலுக்கான பரிந்துரையுடன் கோப்பைச் சமர்ப்பிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. முந்தைய குறிப்பின் பத்தி 4-ல் உள்ள கருத்தில் மாற்றமில்லை. உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது."

"இதை அனுப்பினால் டிரான்ஸ்ஃபர் வரும், சார்" என்றார்.

"வரும்" என்றேன்.

மூன்றாவது வாரம் வந்தது. இப்போது அதிகம் வேலை இல்லாத ஒரு வாரியத்தில் இருக்கிறார். அந்தக் குறிப்பு பழைய துறையின் கோப்பில் இருக்கிறது. பக்க எண் மட்டும் அவருடைய டைரியில் இருக்கிறது.