ரொக்கப் புத்தகத்தில் 9 ஏன் இத்தனை?

தணிக்கைக்குப் போகும் இடத்தில் வவுச்சர் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுவேன். அந்த ஆண்டின் ரொக்கச் செலவுத் தொகை ஒவ்வொன்றிலும் முதல் இலக்கத்தை மட்டும் எடுத்து, 1 எத்தனை, 2 எத்தனை என்று எண்ணுவேன். ஒன்பது இலக்கங்களும் ஏறக்குறைய சமமாக வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. 1-இல் தொடங்குபவை சுமார் 30.1 சதவீதம், 2-க்கு 17.6, 3-க்கு 12.5 என்று இறங்கி, 9-க்கு 4.6 சதவீதம்தான் மிஞ்சும். பென்ஃபோர்டு விதி என்பது இதுதான்.

1881-இல் சைமன் நியூகோம் என்ற வானியலாளர், பெரிய பெருக்கல்களுக்கு அன்று பயன்பட்ட மடக்கை (லாகரிதம்) அட்டவணைப் புத்தகங்களில், 1-இல் தொடங்கும் எண்கள் இருக்கும் முதல் பக்கங்கள் மட்டும் அதிகம் தேய்ந்திருப்பதைக் கவனித்தார். 1938-இல் இயற்பியலாளர் பிராங்க் பென்ஃபோர்டு ஆறுகள், மக்கள்தொகை என்று பல துறைகளிலிருந்து 20,229 எண்களைத் திரட்டி அதே ஒழுங்கைக் கண்டார்.

காரணம் நம் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு லட்சத்தை 7 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போடுங்கள். அது இரண்டு லட்சமாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை முதல் இலக்கம் 1-தான். ஒன்பது லட்சம் பத்து லட்சமாக ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு போதும். சதவீதக் கணக்கில் வளரும் எதுவும் 1-இல் நெடுநாள் தங்கி, 9-ஐ வேகமாகக் கடந்துவிடும்.

ஒரு நிறுவனத்தின் கணக்கில் 9 மட்டும் தூண்போல் உயர்ந்து நின்றது. வவுச்சர்களைப் பார்த்தால் 9,800, 9,900, 9,750 என்று வரிசையாக ஏற்றுகூலி. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. அதற்காக ஒரே பில்லை மூன்றாகக் கிழித்து, மூன்று தேதிகளில் எழுதியிருந்தார்கள். கூட்டல் எல்லாம் சரி. எண்களின் இயல்புதான் கெட்டிருந்தது.

ஆனால் இந்த விதியை வைத்து யார் மீதும் திருட்டுப் பட்டம் கட்டிவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேறோர் இடத்தில் 4 எகிறியபோது எனக்குக் காசாளர் மீது சந்தேகம் வந்துவிட்டது. விசாரித்தால், பல கிளைகளுக்கும் மாதந்தோறும் 4,500 ரூபாய் ஜெனரேட்டர் வாடகை போய்க்கொண்டிருந்தது. நிலையான வாடகை, சம்பளம், ஒரே விலைப் பொருள், தொலைபேசி எண், மனிதர்களின் உயரம் ஆகியவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. எண்ணிக்கை சில நூறாவது இருக்க வேண்டும். தொகைகளும் பத்துகளிலிருந்து ஆயிரங்கள், லட்சங்கள் வரை பரவியிருக்க வேண்டும்.

சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் ஆடிட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எக்செலில் 'லெஃப்ட்' வாய்ப்பாடு முதல் இலக்கத்தைப் பிரித்துத் தரும். 'கவுண்ட்இஃப்' எண்ணித் தரும். அரை மணி நேர வேலை. ஏதாவது ஓர் இலக்கம் துருத்திக்கொண்டு நின்றால், அதில் தொடங்கும் வவுச்சர்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கு எழுதுபவரிடம் முதலில் அமைதியாகக் கேளுங்கள்.