முறிப்பை முறிக்கும் மந்திரம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டை ஆடும் மேசையில் ஒரு மந்திரவாதி ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தை ஏவுகிறார். 20 அடி ஆரத்துக்குள் நிற்பவர்கள் எட்டு பகடைகளில் விழும் எண்ணின் அளவுக்கு வேக வேண்டியதுதான். எதிரி விரலை அசைத்துக் கவுண்டர்ஸ்பெல் போடுகிறார். பிறர் மந்திரத்தைப் பாதியில் முறிப்பது அதன் வேலை. உடனே முதலாமவர், "உங்கள் முறிப்பை நான் முறிக்கிறேன்" என்கிறார். அதோடு ஆட்டம் நின்று வழக்கு தொடங்குகிறது. கை நிறையத் தீயை வைத்திருப்பவர் அதே நொடியில் இன்னொரு மந்திரம் போட முடியுமா?

கையைப் பற்றிய சண்டை போலத் தெரிந்தாலும், இது வரிசையைப் பற்றியது. முதலில் வந்தது முதலில் முடியும் என்ற ரேஷன் கடை நியாயம் இங்கே செல்லாது. கழுவி அடுக்கிய தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கைக்கு வரும். அடியில் ஃபயர்பால் அரைகுறையாகக் காத்திருக்கிறது. அதன் மேல் முதல் முறிப்பு, அதற்கும் மேல் இரண்டாவது. மேலே இருப்பது முதலில் பலித்து நடுவில் இருப்பதைக் கொல்கிறது. அடியில் இருந்த தீ பிழைத்துவிடுகிறது. கணினி நிரல்களும் பாதியில் விட்ட வேலைகளை இப்படித்தான் அடுக்கிவைக்கின்றன. அதற்கு ஸ்டேக் என்று பெயர். எல்லா முறிப்புகளும் பலித்தால் எண்ணிப் பார்ப்பதே போதும்: இரட்டைப்படை என்றால் தீ பறக்கும், ஒற்றைப்படை என்றால் அணையும்.

அடுக்கு வானம் வரை வளராது. கவுண்டர்ஸ்பெல் போட ஒரு ரியாக்ஷன், அதாவது பிறர் செயலுக்கு உடனே பதில் கொடுக்கும் வாய்ப்பு, வேண்டும். அது ஆளுக்கு ஒன்றுதான். செலவழித்தால் தன் அடுத்த முறை தொடங்கும்போதே திரும்பக் கிடைக்கும்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், தன் ஃபயர்பாலைத் தானே இப்படிக் காப்பாற்ற வழி இருந்தது. 2024இல் திருத்திய விதிகள் அதை அடைத்துவிட்டன. அடைத்த விதமும் வேடிக்கை: முறிப்பை முறிக்காதே என்று யாரும் எழுதவில்லை. மந்திரம் போட ஒவ்வொருவரிடமும் எண்ணிவைத்தாற்போல் இருக்கும் சக்திக்கு ஸ்பெல் ஸ்லாட் என்று பெயர். ஒரு முறைக்குள் ஒரு ஸ்லாட்டைத்தான் மந்திரத்துக்குச் செலவழிக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். ஃபயர்பாலுக்கு ஒன்று போய்விட்டதே! பக்கத்தில் நிற்கும் தோழர் வேண்டுமானால் தன் ஸ்லாட்டில் உதவலாம்.

விடாக்கண்டர்கள் இங்கேயும் நுழைவார்கள். முறிக்கப்பட்ட மந்திரத்துக்கான ஸ்லாட் செலவாகாது என்பதும் அதே 2024 விதிதான். அப்படியென்றால் தீ இன்னும் அந்தரத்தில் இருக்கும்போது ஸ்லாட் செலவானதா, இல்லையா? தொடங்கும்போதே செலவாகிறது, முறிந்தால் திரும்ப வருகிறது என்பது என் கட்சி. இல்லாவிட்டால் புது விதிக்கே வேலை இருக்காது.

ஃபயர்பால் ஏவும் மந்திரக்கோல் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலியே கிடையாது. செலவாவது கோலுக்குள்ளேயே இருக்கும் சக்தி, அதாவது சார்ஜ். ஸ்லாட் அப்படியே இருக்கிறது. அவர் தாராளமாக முறிக்கலாம்.