மீண்டும் வரும் புற்றுநோய்: பத்திரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த அந்தக் குடும்பம் என் மேசை மீது இரண்டு பொருள்களை வைத்தது. ஒன்று, மூன்று நாள்களுக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேன் முடிவு. மற்றொன்று, மஞ்சள் பைக்குள் பாலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்த நிலப் பத்திரம். சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் ஆறு சுற்றுக் கீமோவும் முடித்து வீடு திரும்பியிருந்த அந்த அம்மாவுக்கு வயிற்றுக்குள் மறுபடியும் கட்டிகள் தெரிந்திருந்தன. "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை மேடம், விலை பேசி வச்சிருக்கோம்" என்றார் மூத்த மகன். முதல் முறை சிகிச்சை முடிந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்று கேட்டேன். அதை யாரும் எடுத்து வரவில்லை.

புற்றுநோயாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் உதவும் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு, பத்திரம் வீட்டுப் பெட்டியிலும் அந்தப் பழைய கோப்பு என் மேசையிலும் இருந்திருக்க வேண்டும் என்றே அன்று தோன்றியது. நோய் திரும்பும்போது அடுத்து என்ன மருந்து என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பழைய சிகிச்சையின் வரலாறுதான். சினைப்பைப் புற்றுநோயில் கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகை மருந்தின் கடைசி ஊசிக்கும் நோய் திரும்பியதற்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், அதே வகை மருந்து மீண்டும் பலன் தரும் வாய்ப்பு நன்றாக உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்சோரூபிசினை, நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் அந்த ஊசியை, ஆயுளுக்கும் சேர்த்து ஓர் அளவுக்கு மேல் செலுத்தினால் இதயம் பலவீனமாகும் என்பதால், முன்பு எத்தனை மில்லிகிராம் போனது என்ற கணக்கு மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். முன்பே 'கரண்ட்' வைத்த இடத்தில் மீண்டும் கதிரியக்கம் கொடுப்பதற்கும் எல்லை உண்டு. ஆகவே கீமோ தேதிகள், மருந்தளவுகள், கதிரியக்க விவரம், பயாப்சி (சதைப் பரிசோதனை) முடிவு ஆகிய அனைத்தையும் பிரதி எடுத்து ஓர் உறையில் வைத்திருங்கள். கைபேசியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போயிருந்தால், முன்பு சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கொடுத்துப் பிரதி கேளுங்கள்.

அந்தக் குடும்பம் மறுநாள் கோப்புடன் வந்தது. கடைசி ஊசி போட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்ததால் பழைய மருந்துகளையே மறுபடி தரலாம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு ஒப்புதலும் கிடைத்தது. பத்திரம் அதே மஞ்சள் பையில் ஊருக்குத் திரும்பியது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் தங்கள் ஒரே வீட்டை விற்று, தந்தைக்கு விலை உயர்ந்த ஊசியைத் தொடங்கியது. நான்கு மாதத்தில் பணம் தீர்ந்து சிகிச்சை பாதியில் நின்றது. அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. தாயும் இரண்டு பிள்ளைகளும் வாடகை வீட்டுக்குப் போனார்கள். வீட்டை விற்கப் போகிறோம் என்று அவர்கள் சொன்ன அன்று, இந்த ஊசி எத்தனை மாதம் தேவைப்படும் என்று மருத்துவரிடம் கேட்டீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

முதல் முறை நோய் வந்தபோது செலவுக்கு ஒரு முடிவு தெரிந்திருக்கும்: ஓர் அறுவை, இத்தனை கீமோ, இத்தனை நாள் கதிரியக்கம், அதோடு வீடு திரும்பலாம். கடன் வாங்கினாலும் நகையை அடகு வைத்தாலும், முடிந்தபின் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் செய்கிறோம். திரும்பி வந்த நோய் பல நேரங்களில் அப்படி நடந்துகொள்வதில்லை. நோய் கட்டுக்குள் இருக்கும்வரை மருந்து தொடர வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அது வீட்டு வாடகையைப் போல மாதாமாதம் வந்து நிற்கும் செலவு. அதைச் சமாளிக்க, ஒரே தடவையில் சொத்தை விற்றுப் பெரிய தொகை திரட்டுவதும், மீட்டர் வட்டிக்கு வாங்குவதும் உதவாது. மாதம் எவ்வளவு நம்மால் தொடர்ந்து தாங்க முடியும் என்ற எண்ணைக் குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்து, அதைக் கூச்சமில்லாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பணம் இல்லை என்று சொன்னால் கவனிக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில், பாதியில் நின்றுபோகும் விலை உயர்ந்த மருந்தைவிடக் கடைசிவரை தொடரக்கூடிய எளிய மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு தகவல்தான் மருத்துவருக்கு உதவுகிறது.

இந்தச் சிகிச்சை நோயைக் குணப்படுத்தவா, கட்டுக்குள் வைக்கவா, வலியைக் குறைக்கவா என்பதை முதலில் கேளுங்கள். பலன் தெரிகிறதா என்று எப்போது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பீர்கள், தெரியாவிட்டால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள் என்றும் கேளுங்கள். திரும்பிய கட்டியிலிருந்து மறுபடி பயாப்சி எடுக்கச் சொன்னால் அதை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் எந்த மருந்து வேலை செய்யும் என்பதைக் காட்டும் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்-2 என்ற புரதத்தின் நிலையும் முதல் முறை இருந்ததிலிருந்து மாறியிருக்கலாம், அப்போது மருந்தும் மாறும். அதே மருந்து ஜெனரிக் வடிவில், அதாவது வேறு நிறுவனம் குறைந்த விலையில் தயாரிக்கும் வடிவில் உண்டா என்பதும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரைக்கு 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனம் தயாரிக்க அனுமதி) வழங்கப்பட்டபோது, மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த மருந்துக்கு இந்திய நிறுவனத்தின் விலை 8,880 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரே மருந்துக்கு இவ்வளவு வித்தியாசம் இருக்க முடியும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, முதலமைச்சர் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இது மொத்தக் குடும்பத்துக்குமான தொகை. இந்த ஆண்டில் ஏற்கெனவே எவ்வளவு கழிந்தது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று வாங்கும் வேலையை இன்றே தொடங்கலாம். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீவிர நோய் பாலிசிகள் பெரும்பாலும் முதல் முறை மொத்தத் தொகையைக் கொடுத்ததோடு முடிந்துவிடும். வழக்கமான மருத்துவக் காப்பீடு அப்படியல்ல. முன்பு க்ளைம் வாங்கினீர்கள் என்பதைக் காரணமாகக் காட்டிப் புதுப்பிக்க மறுக்க முடியாது. நெருக்கடியான மாதத்தில் முதலில் தவறிப்போவது இந்தப் பிரீமியம்தான் என்பதால், அதைத் தவற விடாதீர்கள். ரயிலில் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. சான்றுப் படிவத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைவிட அதிகமாக நோயாளியை அரிக்கும் ஒன்று இருக்கிறது. "கத்தரிக்காய் சாப்பிட்டதாலயா? பிராய்லர் கோழி சாப்பிட்டதாலயா?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்காதவர்கள் குறைவு. எந்த ஸ்கேனுக்கும் தெரியாத அளவு சிறிய செல்கள் எங்கோ ஒளிந்திருந்து பிறகு வளர்வதால்தான் நோய் திரும்புகிறது. சில வகை மார்பகப் புற்றுநோய் பத்து வருடம் கழித்துக்கூடத் திரும்புவதுண்டு. நோயாளி செய்த தவறு இதில் எதுவுமில்லை என்பதைச் சுற்றியிருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளவும் தேவையில்லை. வலி நிவாரண சிகிச்சை கடைசி நாள்களுக்கானது என்ற எண்ணம் தவறு. கீமோ நடக்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

செய்யாற்று அம்மாவுக்கு நோய் மூன்றாம் முறையும் வந்தது. அந்தப் போகம் நிலத்தில் மல்லாட்டை போட்டிருப்பதாக மகன் சொன்னார். மருத்துவர் ஸ்கேனை விளக்கி முடிப்பதற்குள் அந்த அம்மாவே கேட்டார்: "இந்த மருந்து எதுக்குங்க, குணமாகவா, தள்ளிப்போடவா? மாசம் எவ்வளவு ஆகும்?" மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினார்.