ரூபாய்க் குறிக்கு ஃபான்ட் அனுப்பாதீர்கள்

பில்லிங் மென்பொருள் பராமரிப்பு என் வேலை. நேற்று வந்தது இந்த மாதத்தின் நான்காவது அழைப்பு. வாடிக்கையாளருக்குப் போன விலைப்பட்டியலில் ₹ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாய்ந்த கீறல்: ` 48,500. "எங்க கம்ப்யூட்டர்ல சரியாத்தான் தெரியுது சார், அவங்களுக்கு அந்த ஃபான்டை அனுப்பிடட்டுமா?" என்றார் கணக்காளர்.

வேண்டாம். யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

உதயகுமார் வடிவமைத்த இந்தக் குறியை மத்திய அமைச்சரவை ஏற்றது 2010 ஜூலை 15 அன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடில் அதற்கு அப்போது இடம் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு குறுக்குவழி பரவியது: எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கிற கீறலுக்குப் பதிலாக ரூபாய்க் குறியை வரைந்து வைத்த ஃபான்ட். அன்றைக்கு அது சரி. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோட் 6.0 வந்து, குறிக்கு 8377 என்ற சொந்த எண்ணும் கிடைத்துவிட்டது. அந்தக் காலத்து டெம்ப்ளேட்டை இன்னும் ஏன் காப்பி எடுக்கிறோம்?

"குறி ஃபான்டில் இருக்கிறது" என்ற நம்பிக்கைதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். கோப்புக்குள் இருப்பது எண் மட்டும். அந்த எண்ணுக்கு உருவம் வரைவது ஃபான்டின் வேலை. உங்கள் கோப்பில் இருப்பது 96, அதாவது கீறல். நீங்கள் போட்ட ஃபான்ட் அதற்கு ரூபாய் முகமூடி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் தட்டிய கடிதம் வேறு கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறுமே, அதே நோய்தான். பி.டி.எஃப். கோப்பில் ஃபான்டும் கூடவே போவதால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதிலிருந்து காப்பி எடுத்து மின்னஞ்சலில் ஒட்டுங்கள், கீறல் வந்து நிற்கும். இதைவிட மோசம் எக்செல். கீறலோடு தட்டிய தொகையை அது வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கூட்டுத்தொகையில் அந்த வரி சேரவே சேராது. கட்டத்தில் தொகையை மட்டும் தட்டி, கரன்சி வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தட்டுவது ஒன்றும் கடினமில்லை. விண்டோஸில் 'இங்கிலீஷ் இந்தியா' விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு, வலப்பக்க ஆல்ட்டோடு 4. வேர்டில் ஆல்ட்டை அழுத்தியபடி நம்பர் பேடில் 8377. ₨ பழைய குறி, ௹ தமிழ்க் கணக்குக் குறி; இரண்டுக்கும் எண் வேறு. ஒரே பட்டியலில் கலக்காதீர்கள், தேடினால் பாதிதான் கிடைக்கும்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இரண்டு வார்த்தை. யுடிஎஃப்-8இல் ₹ மூன்று பைட்டுகள். சிஎஸ்வி கோப்பை எக்செல் பழைய குறியாக்கத்தில் திறந்தால் அது மூன்று துண்டாகும்: தொப்பி போட்ட ஓர் எழுத்து, காற்புள்ளி மாதிரி ஒரு குறி, மேலே ஏறிய குட்டி 1. அந்த 1 தொகையோடு ஒட்டி நிற்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். தரவுத்தளத்தில் கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டது திரும்ப வராது. அப்புறம், எஸ்எம்எஸ்ஸில் ஒரே ஒரு ₹ சேர்த்தாலும் 160 எழுத்து வரம்பு 70 ஆகிவிடும். அங்கே மட்டும் Rs என்ற ஆங்கிலச் சுருக்கத்தையே போடுங்கள்.

பழைய கோப்புகளில் கீறலையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். வேர்டின் தேடல் பெட்டியில் அந்த ஃபான்டின் பெயரையும் கொடுத்து, அதில் இருப்பவற்றை மட்டும் மாற்றுங்கள். டெம்ப்ளேட்டில் தொடங்குங்கள், தயவுசெய்து இன்றைக்கே. முடிந்ததும் அந்த ஃபான்டைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டு, கோப்பை இன்னொரு முறை திறந்து பாருங்கள். விட்டுப்போன கீறல் எல்லாம் அப்போது தெரியும்.