ஆம்பூரிலிருந்து ஜெர்மன் கடையை எட்டிப் பார்ப்பது எப்படி?

பொய்கை மாட்டுச் சந்தையில் வெளியூர்க்காரர் நேரே போய்க் கேட்டால் ஒரு விலை வரும். பழகின உள்ளூர்க்காரரை விட்டுக் கேட்டால் வேறு விலை வரும். இணையக் கடைகளும் அப்படித்தான். கேட்பவர் எங்கிருந்து கேட்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கின்றன.

ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருக்கும் நண்பர், ஜெர்மனியில் தோல் ஷூ என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்க உட்கார்ந்தார். பக்கம் திறந்ததும் விலை ரூபாயில் வந்தது. பாதி மாடல்களைக் காணோம். இந்தியாவுக்கென்று ஒதுக்கிய பக்கம் அது.

கடைக்கு நம் ஊரைக் காட்டிக்கொடுப்பது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்புக்குத் தரப்படும் எண். இதன் பழைய வகையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவை தொகுதி தொகுதியாக இணைய நிறுவனங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டவை. எந்தத் தொகுதி எந்த ஊரில் புழங்குகிறது என்று பட்டியல் போட்டு விற்கும் நிறுவனங்கள் உண்டு. கடைகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

இங்கேதான் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி வருகிறது, அதாவது இன்னொருவர் வீட்டு இணைப்பை நமக்காக இடையில் நிறுத்தும் சேவை. நண்பரின் கோரிக்கை முதலில் ப்ராக்ஸி நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யாரோ ஒருவர் வீட்டு இணைப்பு வழியாகக் கடையைத் தொடுகிறது. பதிலும் அதே வழியில் திரும்புகிறது. கடையைப் பொறுத்தவரை பார்ப்பவர் ஹாம்பர்க்காரர். வீட்டு இணைப்பு இல்லாமல், சர்வர்களைக் குவித்து வைத்திருக்கும் டேட்டா சென்டரின் முகவரியில் போனால் இது நடப்பது கஷ்டம். அந்தத் தொகுதிகள் யார் பெயரில் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும், பல கடைகள் வாசலிலேயே நிறுத்திவிடும். இன்னொன்று, பார்த்து முடிக்கும்வரை முகவரி மாறக் கூடாது. பாதியில் ஹாம்பர்க் மியூனிக் ஆனால் சந்தேகம் வரும்.

சரி, இதே வழியில் சென்னையிலிருந்து வேலூர்ச் சந்தையைப் பார்க்கலாமா? அவ்வளவு நம்ப முடியாது. மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான போன்களை ஒரே பொது முகவரிக்குள் அடைத்து வைக்கின்றன. காட்பாடியில் உட்கார்ந்து என் போனைச் சோதித்தேன், சென்னை என்றது. பிரியாணி டெலிவரி விலை தெரிய வேண்டுமானால் ப்ராக்ஸியே தேவையில்லை. அந்த ஆப்கள் நீங்கள் கொடுக்கும் டெலிவரி முகவரியைத்தான் பார்க்கின்றன.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். அந்த ஹாம்பர்க் வீட்டுக்காரருக்குத் தன் இணைப்பு வாடகைக்குப் போவது தெரியுமா? 2024 மே மாதம் அமெரிக்க அரசு முடக்கிய 911 எஸ்5 என்ற ப்ராக்ஸி வலையமைப்பில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் சிக்கியிருந்தன. இலவச விபிஎன் என்று நம்பி நிறுவியவர்களின் கணினிகள் அவை. அவர்கள் முகவரியில் மோசடிகள் நடந்தன. அதனால் நண்பரிடம் சொன்னேன்: வீட்டுக்காரர்களிடம் எப்படிச் சம்மதம் வாங்குகிறீர்கள் என்று ப்ராக்ஸி நிறுவனங்களுக்கு எழுதிக் கேளுங்கள், பதில் தராதவரிடம் சேவை வாங்காதீர்கள். மூவரைக் கேட்டார். ஒருவர்தான் ஒழுங்காகப் பதில் எழுதினார்.

அப்புறம் பக்கம் யூரோவில் திறந்தது. ஒரு ஷூ 119 யூரோ. ஜெர்மனியில் 19 சதவீத வரி விலைக்குள்ளேயே அடக்கம், கழித்தால் 100. கடை வாடகை, கப்பல், தோல், ஆம்பூரில் தைத்தவர்களின் கூலி எல்லாம் அந்த நூறுக்குள் அடங்க வேண்டும். நண்பர் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.