எழுத எழுதத் தேயும் திரை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கையடக்க ஆர்கனைசர் இருக்கிறது. மேசை விளக்கைச் சாய்த்து, அதன் திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். காலண்டரும் முகவரிகளும் தெரியும் மேல் பகுதியில் அங்கங்கே ஓரிரு கீறல்தான். கீழே, ஸ்டைலஸ் என்ற மையில்லாப் பேனாவால் எழுத்துகளை எழுதும் சின்னப் பெட்டிக்குள் மட்டும் பளபளப்பே போய், மெல்லிய கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி படுக்கைக் கோடுகள். மிச்சம் பெரும்பாலும் நெடுக்குக் கோடுகள்.

அந்தக் கோடுகளைப் படிக்கக்கூட முடியும். இடமிருந்து வலமாகப் போகும் படுக்கைக் கோடு என்றால் இரண்டு சொற்களுக்கு நடுவே விட்ட இடைவெளி. வலமிருந்து இடமாக வந்தால் தப்பாக எழுதியதை அழித்தது. கீழிருந்து மேலே போகும் நெடுக்குக் கோடு ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக இழுத்தது. மூன்று நான்கு வருடம் நான் எழுதியதில் எதை அதிகம் எழுதினேன் என்ற கணக்கு அந்தப் பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கிறது.

அதை விட்டு அடுத்த கருவிக்கு மாறியபோது உள்ளே இருந்த முகவரி, குறிப்பு, தேதி எல்லாம் ஓர் எழுத்துகூடக் குறையாமல் வந்து சேர்ந்தன. திரை அப்படி வராது. தேய்ந்தால் தேய்ந்ததுதான். தகவல் எப்படி இவ்வளவு சுத்தமாக இடம் மாறுகிறது, திரை ஏன் தேய்கிறது, அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கருவி. 1996-ல் அமெரிக்காவில் பாம் பைலட் என்ற கையடக்க ஆர்கனைசர் விற்பனைக்கு வந்தது. ஜெஃப் ஹாக்கின்ஸ் அதை வடிவமைக்கும் முன் சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டி, போகும் இடமெல்லாம் எடுத்துப் போனார். யாராவது ஒரு தேதி கேட்டால் கட்டையை எடுத்து அதில் குறிப்பதுபோல் செய்து பார்த்தார். பைக்குள் அடங்குமா, எடுக்க வைக்கத் தோதாக இருக்குமா என்பது கருவி பிறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. திரை 160-க்கு 160 புள்ளிகள், சாம்பல் நிறம். இரண்டு சின்ன டிரிபிள் ஏ பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். விசைப்பலகை கிடையாது. அதற்குப் பதிலாக கிராஃபிட்டி என்ற எழுத்துமுறை. ஒவ்வோர் எழுத்துக்கும் கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. 'ஏ' எழுத வேண்டுமென்றால் குறுக்குக் கோடு இல்லாத கூரை மாதிரி ஒரு வடிவம் போதும். கருவி மனிதனின் கையெழுத்தைக் கற்பதற்குப் பதிலாக, மனிதன் கருவிக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றி எழுதினான். அதனால்தான் அவ்வளவு சின்ன செயலியில் அது வேலை செய்தது. 2003-ல் கிராஃபிட்டி 2 வந்தபோது 'ஐ' (i), 'டி' (t) போன்ற சில எழுத்துகளுக்கு இரண்டு இழுப்பு தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில் கருவி மாற்றியவர்களுக்குத் தகவலை மாற்றுவதைவிடக் கையை மாற்றுவதுதான் பெரிய பாடாக இருந்தது.

தகவல் மாறும் விதம் உண்மையிலேயே அழகானது. கணினியோடு இணைத்த தொட்டில் போன்ற தாங்கியில் கருவியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியோடு பேசிக்கொள்ளும். இதற்கு ஹாட்சிங்க் என்று பெயர். உள்ளே ஒவ்வொரு முகவரியும் ஒவ்வொரு குறிப்பும் தனித்தனிப் பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் 24 பிட் (0 அல்லது 1 என்று நிற்கும் ஓர் இடம்தான் பிட்) கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. கூடவே 8 பிட் கொண்ட ஒரு சின்னச் சீட்டும் ஒட்டியிருக்கும். அதில் 4 பிட் இது எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும். அதனால்தான் அந்தக் கருவிகளில் வகைகள் 16-க்கு மேல் போகவில்லை. மீதி நான்கில் ஒரு பிட், கடைசியாகக் கணினியோடு பேசிய பிறகு இந்தப் பதிவு திருத்தப்பட்டதா என்று காட்டும். இன்னொன்று அழிக்கப்பட்டதா என்று காட்டும். ஆகவே ஆயிரம் முகவரி இருந்தாலும், நேற்று மாற்றிய மூன்றை மட்டும் அனுப்பினால் போதும்.

புதுக் கருவி பெட்டியிலிருந்து வரும்போது அதற்குப் பெயர் இருக்காது. முதல் முறை தொட்டிலில் வைத்ததும் "இது யாருடையது?" என்று கணினி கேட்கும். பழைய பெயரைத் தேர்ந்தெடுத்தால், கணினியில் இருக்கும் நகல் அப்படியே உள்ளே இறங்கிவிடும். இதில் இரண்டு எச்சரிக்கை. பழைய கருவியும் புதியதும் ஒரே பெயரில் தொடர்ந்து இருக்கக் கூடாது. எது திருத்தியது, எது பழையது என்று அந்த ஒற்றை பிட்டால் இரண்டு கருவிக்கும் சேர்த்துச் சொல்ல முடியாது. பதிவுகள் இரட்டிப்பாகும், அழித்தவை திரும்பி வரும். இரண்டாவது, பழைய கருவியில் போட்ட சின்னச் சின்ன நிரல்களை எல்லாம் கணினியில் உள்ள காப்பு (பேக்கப்) அடைவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது. புது இயங்குதளத்தில் அவை கருவியையே முடக்கலாம். தகவலை மட்டும் இறக்கி, நிரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

அந்தக் காலத்துக் கருவிகளில் தகவல் எல்லாம் ரேம் நினைவகத்தில்தான் இருந்தது. மின்சாரம் நின்றால் நினைவு போய்விடும். பேட்டரி மாற்ற ஒரு நிமிடம் போல அவகாசம். அதுவும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன மின்தேக்கியின் தயவு. 2004-ல் வந்த டங்ஸ்டன் டி5 போன்ற ஆர்கனைசர்களில்தான் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகம் வந்தது. அதுவரை உண்மையான நகல் கணினியில் இருப்பதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே ஒழுங்காக நகல் எடுத்தார்கள்.

சரி, இனி திரை. இதுதான் எனக்கு முக்கியம்.

இன்றைய ஸ்மார்ட்ஃபோன் திரை விரலின் மின் தன்மையை உணர்கிறது. அந்த ஆர்கனைசர்களின் திரை வேறு. அதற்கு அழுத்தம்தான் மொழி. நகம், மூடிய பேனா, தீக்குச்சி, கையுறை போட்ட விரல், எதனால் அழுத்தினாலும் கேட்கும். அதை மின்தடைத் தொடுதிரை என்பார்கள். அமெரிக்காவில் சாம் ஹர்ஸ்ட் 1970-களில் வளர்த்தெடுத்த வழி இது.

உள்ளே இரண்டு அடுக்கு. கீழே கண்ணாடி, மேலே வளையக்கூடிய பாலியஸ்டர் தாள். இரண்டின் உள்பக்கத்திலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளை மிக மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். அது ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே மிகச் சின்னப் புள்ளிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். சில திரைகளைச் சாய்த்துப் பார்த்தால், கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி அவை கண்ணுக்கே தெரியும். ஸ்டைலஸால் அழுத்தும்போது மேல்தாள் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே குழிந்து கீழ் அடுக்கைத் தொடுகிறது. அவ்வளவுதான்.

தொட்ட இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓர் அடுக்கின் இடது ஓரத்தில் 0 வோல்ட், வலது ஓரத்தில் உதாரணத்துக்கு 3.3 வோல்ட் என்று கொடுக்கிறார்கள். பூச்சு முழுக்க ஒரே சீரான மின்தடை என்பதால், இடமிருந்து வலமாக மின்னழுத்தம் சாய்வுத்தளம் போல ஒரே சீராக ஏறும். நடுவில் தொட்டால் 1.65 வோல்ட். கால்வாசி தூரத்தில் தொட்டால் 0.825. மற்ற அடுக்கு அந்த மின்னழுத்தத்தைத் தொட்டுப் படித்துச் சொல்லும் முள். அப்புறம் வேலையை மாற்றிக்கொள்வார்கள். மேலிருந்து கீழாக மின்னழுத்தத்தை இரண்டாவது அடுக்குக்குக் கொடுத்து, முதல் அடுக்கால் படிப்பார்கள். இரண்டு எண் கிடைத்துவிட்டது, இடம் தெரிந்துவிட்டது. 160 புள்ளிக்கு 3.3 வோல்ட் என்றால் ஒரு புள்ளிக்குச் சுமார் 20 மில்லிவோல்ட். எழுதும்போது இது நொடிக்குப் பல முறை நடக்கிறது.

எல்லாக் கணக்கும் ஒரே ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது. பூச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற ஊகம்தான் அது. தேய்மானம் உடைப்பது இந்த ஊகத்தைத்தான். இண்டியம் டின் ஆக்சைடு ஒரு வகையில் பீங்கான் மாதிரி, வளைந்தால் வெடிக்கும். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை குழிந்து நிமிரும் தாளின் அடியில், அதுவும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்தை ஒட்டிய ஓரங்களில் தாள் கூர்மையாக மடியும் இடத்தில், பூச்சில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். விரிசல் விழுந்த இடத்தில் மின்தடை கூடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். திரையின் இடது பாதியின் மின்தடை பத்து சதவீதம் கூடிவிட்டது, வலது பாதி அப்படியே இருக்கிறது. இடது 1.1, வலது 1, மொத்தம் 2.1. நடுவில் தொட்டால் பாதி மின்னழுத்தம் வர வேண்டும். வருவதோ 1.1-ஐ 2.1-ஆல் வகுத்தது, அதாவது 52.4 சதவீதம். 160 புள்ளித் திரையில் கிட்டத்தட்ட 4 புள்ளி தள்ளிப் போய்விட்டது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல். திரையில் வரும் குட்டி விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழ இது போதும். காலிபரேஷன் செய்தால் சரியாகிவிடாதா? மூலைகளில் குறியைத் தொடச் சொல்லி, அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே நேர்கோடு போடுவதுதான் காலிபரேஷன். மூலைகள் சரியாகப் பொருந்திவிடும், நடுவில் உள்ள வளைவு அப்படியே இருக்கும். வருடக்கணக்கில் எழுதிய திரை எத்தனை முறை சரிசெய்தாலும் ஓரிடத்தில் மட்டும் அடம்பிடிப்பது இதனால்தான்.

மேலே தெரியும் கீறல் வேறு கதை. பிளாஸ்டிக் முனை கொண்ட ஸ்டைலஸ் தனியாகத் திரையை அவ்வளவு கீறாது. கீறுவது முனைக்கும் திரைக்கும் நடுவே மாட்டும் மணல் துகள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் கண்ணாடி சுமார் 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறும் துகள் பாலியஸ்டரை என்ன பாடு படுத்தும்! சட்டைப் பையின் அடியில் சேரும் தூசியிலேயே அது உண்டு. துடைக்காத திரையில் எழுதுவது உப்புத்தாளில் எழுதுவதற்குச் சமம்.

பாதுகாப்புப் படலம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. திரைக்கு வேண்டியது அழுத்தம் மட்டுமே என்பதால், மேலே இன்னொரு மெல்லிய பாலியஸ்டர் தாள் ஒட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. தாள் வளைந்து அழுத்தத்தைக் கீழே கடத்தினால் போதும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுத் தடிமன் சரியாக இருக்கும். இன்று ஃபோனுக்கு ஒட்டும் டெம்பர்டு கிளாஸை இதில் ஒட்டினால் வேலைக்கே ஆகாது. கண்ணாடி குழியாது, அழுத்தம் ஓரிடத்தில் குவியாது, திரைக்கு எதுவும் கேட்காது. அந்தக் காலத்தில் பலர் ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான ஒளிபுகும் தாளை அளவாக வெட்டி ஒட்டினார்கள். எழுதும் பெட்டியின் மேல் மட்டும் மங்கலான செலோடேப்பை ஒட்டியவர்களும் உண்டு. இரண்டும் நன்றாகவே வேலை செய்தன.

செலோடேப்புக்கு இன்னொரு பலனும் இருந்தது. வழவழப்பான திரையில் முனை வழுக்கி, இழுப்பு நீண்டுபோய், எழுத்து தப்பாக விழும். மங்கலான பரப்பு காகிதம்போல் முனையைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். எழுத்து திருத்தமாக வரும். ஆனால் திரை முழுக்க மங்கலான படலம் ஒட்டினால் வெளிச்சம் குறையும். பின்விளக்கை நம்பாமல் அறை வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் அந்தச் சாம்பல் திரைகளில் ஒளி படலத்தை இரண்டு முறை கடக்க வேண்டும், உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை. நூற்றுக்குத் தொண்ணூறு ஒளியை விடும் படலம் என்றால் கடைசியில் கண்ணுக்கு வருவது 81. என் யோசனை: காட்டும் பகுதிக்குத் தெளிவான படலம், எழுதும் பெட்டிக்கு மட்டும் மங்கலானது.

படலத்தை வெட்டும்போது சட்டத்தின் உள் ஓரத்தைவிட எல்லாப் பக்கமும் அரை மில்லிமீட்டராவது குறைத்து வெட்ட வேண்டும். ஓரம் சட்டத்துக்குள் நுழைந்தால், யாரோ விரலை அங்கேயே வைத்துக்கொண்டிருப்பது போல அது திரையை ஓயாமல் அழுத்தும். இந்தத் திரைக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தொட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தைச் சொல்லும். நீங்கள் ஓரிடத்தில் தொட, குறி ஓரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு போகும். சட்டத்துக்கும் திரைக்கும் நடுவே துகள் மாட்டினாலும் இதே கோளாறு வரும். ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தைச் சட்டத்தின் இடுக்கில் மெதுவாக ஓட்டினால் துகள் வெளியே வந்துவிடும், குறியும் நேராகிவிடும். பலர் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்ததற்கு வைத்தியம் அவ்வளவுதான்.

படலத்துக்கு அடியில் மாட்டும் தூசியும் இதே காரணத்தால்தான் இங்கே பெரிய விஷயம். ஃபோனில் அது வெறும் அழகுக் குறை. இங்கே, அதன் மேல் ஸ்டைலஸ் ஏறும்போதெல்லாம் பூச்சு அந்த ஒரே புள்ளியில் கூர்மையாக மடியும். அதனால் வெந்நீர் ஓடி ஆவி நிறைந்து, தூசி தரையில் படிந்த குளியலறையில் வைத்து ஒட்டுவது நல்லது. மிச்சத் துகளை ஒரு துண்டு டேப்பால் ஒற்றி எடுத்துவிடலாம். ஒட்டி முடித்ததும் காலிபரேஷன். படலம் சேர்ந்ததால் முனைக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி கூடி, சாய்ந்து பார்க்கும் கண்ணுக்குக் குறி சற்றே இடம் மாறித் தெரியும். எந்தக் கோணத்தில் பிடித்து எழுதுவீர்களோ அந்தக் கோணத்திலேயே குறியைத் தொட வேண்டும்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. தொழிற்சாலை இயந்திரங்களின் பலகைகளிலும் சில மருத்துவக் கருவிகளிலும் மின்தடைத் திரை இன்றும் இருக்கிறது. கையுறையோடு வேலை செய்கிறவர்களுக்கு அழுத்தம் கேட்கும் திரைதான் தோது.

என் இரண்டாவது ஆர்கனைசருக்குப் பெட்டியைத் திறந்த அன்றே, முதல் எழுத்து எழுதும் முன், படலம் ஒட்டினேன். அதையும் சில வருடம் எழுதித் தீர்த்தேன். போன வாரம் அந்தப் படலத்தை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்து, அதே மேசை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். எழுதும் பெட்டி இருந்த இடத்தில் படுக்கைக் கோடுகள், நெடுக்குக் கோடுகள், நடுவே ஒரு நீளமான சாய்வுக் கோடு. கீழே திரையில் என் விரல் ரேகை மட்டும் இருந்தது. பேட்டரியை ஏற்றி, காலிபரேஷன் குறிகளைத் தொட்டேன். நடுக்குறி தொட்ட இடத்திலேயே நின்றது.