காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் ஆபத்து

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டிங்கி கண்ட என் தம்பிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, தெளிவாகப் பேசினான், இரத்த அழுத்தம் 112/94 இருந்தது. பிறகு ஏன் அவசரப் பிரிவில் மஞ்சள் மண்டலத்திலிருந்து, உயிராபத்தில் இருப்போருக்கான சிவப்பு மண்டலத்துக்கு மாற்றினார்கள்?"

112இல் 94 போனால் 18. நலமாக இருப்பவருக்கு இந்த வித்தியாசம் ஏறக்குறைய 40 இருக்கும். டிங்கியில் அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோயாளி அதிர்ச்சி நிலையை, அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் எட்டாத நிலையை, அடைந்துவிட்டார் என்றே மருத்துவர்கள் கொள்வார்கள்.

காய்ச்சல் தணியும் வேளையில்தான் நுண்குழாய்கள் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் வெளியேறுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உணர்ந்து மூளைத்தண்டுக்குத் தெரிவித்ததும், நரம்புகள் தோலிலும் கைகால்களிலும் உள்ள சிறு தமனிகளை இறுக்குகின்றன. என்னை எப்போதும் வியக்க வைப்பது இதன் விளைவு. கீழ் எண் என்பது இரு துடிப்புகளுக்கிடையே தமனியில் எஞ்சி நிற்கும் அழுத்தம். வெளியேறும் வழிகள் குறுகியதால் இரத்தம் மெதுவாகவே வடிகிறது, ஆகவே அடுத்த துடிப்பு வரும்வரை அந்த அழுத்தம் அதிகம் இறங்காமல் நின்றுவிடுகிறது. மேல் எண் பெரிதாக மாறாமலிருக்க, கீழ் எண் மட்டும் அதை நோக்கி ஏறுகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் காக்கப்படுவதால் நோயாளி தெளிவாகப் பேசுகிறார். ஈடுகட்டும் திறன் தீர்ந்ததும் மேல் எண் திடீரெனச் சரியும்.

பிரிட்டனில் 2012இல் உருவாகி 2017இல் திருத்தப்பட்ட 'நியூஸ்' என்ற எச்சரிக்கைப் புள்ளிமுறை இரத்த அழுத்தத்தில் மேல் எண்ணை மட்டுமே பார்க்கிறது. 112க்கு அதில் அபாயப் புள்ளி பூஜ்யம். ஆகவே டிங்கி நோயாளியின் கையைப் பிடித்து, தோலின் நிறம், அழுத்திய இடத்தில் இரத்தம் திரும்பும் நேரம், கைகால்களின் சூடு, நாடியின் பலம், நாடியின் வேகம் ஆகிய ஐந்தையும் ஒருசேரப் பார்க்க நம் மலேசிய மருத்துவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். சில விநாடிகளில் முடியும் இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்பதால், புதிய கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கையாவது கூடுதல் தாதியருக்கு ஒதுக்குவதே அறிவுடைமை என்பேன். வீட்டில் நாமோ தட்டணு எண்ணிக்கையை மட்டுமே விசாரித்துப் பப்பாளி இலைச் சாறு பிழிகிறோம். அது இந்தக் கசிவை அடைக்கும் என்பதற்குச் சான்றில்லை.

சிவப்பு மண்டலத்தில் உப்புநீர் ஏற்றும்போது கைகள் வெதுவெதுப்பாகி, அந்த வித்தியாசம் மீண்டும் விரிகிறதா என்று கவனிப்பார்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு நின்று, வெளியேறிய பிளாஸ்மா குழாய்களுக்குத் திரும்பும். அப்போதும் ஏற்றிக்கொண்டேயிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்பதால், உரிய நேரத்தில் உப்புநீரைக் குறைத்து நிறுத்திவிடுவார்கள்.